ஒரு பிடி வெளுத்த புல்

மார்ச் 4

தீவனப் பரிசோதனைக் கூட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இத்துடன் ஒரு பிடி காய்ந்த புல் வைத்திருக்கிறேன். மழை இல்லாததால் எட்டு மாதமாக என் பசுக்களுக்கு இதுதான் தீவனம். சென்ற மாதம் இரண்டு கன்றுகள் பார்வையில்லாமல் பிறந்தன. காரணம் தெரிய வேண்டும்.

என் மனைவியின் தம்பி உங்களிடம்தான் வேலை செய்கிறான். மூன்று வருடம் முன்பு இங்கே ஒரு கன்றை முதலில் தொட்டவன் அவன். அதற்கும் கண் தெரியவில்லை. கைராசி இல்லாதவன், தொழுவத்துப் பக்கம் வராதே என்றேன். இந்தக் கடிதம் அவனுக்கு அல்ல.

இப்படிக்கு,
பண்ணைக்காரர்

பின்குறிப்பு: அவன் அக்கா நலம்.

மார்ச் 15

பண்ணைக்காரர் அவர்களுக்கு,

புல் வந்தது. இங்கே தபாலைப் பிரிப்பது நான்தான், வேறு ஆள் இல்லை.

பச்சைத் தழையில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து நிறைய உண்டு. மாடு அதை ஈரலில் சேர்த்து வைத்துச் சில மாதம் சமாளிக்கும், வெளியே தெரியாது. வெயிலில் வெளுத்து நெடுநாள் கிடந்த புல்லில் அது போய்விடும். உங்கள் புல்லில் பேருக்குத்தான் இருக்கிறது. சினைப் பசுவின் இருப்பு தீர்ந்தால் வயிற்றுக் கன்றின் பார்வை போகும். பிறந்த இரண்டுக்கும் இனி வராது. மற்ற பசுக்களுக்கு மாட்டு டாக்டரிடம் சொல்லி வைட்டமின் ஏ ஊசி போடுங்கள். பசும்புல் எங்கே கிடைத்தாலும் அறுத்துப் போடுங்கள்.

கைராசிக்கு இங்கே பரிசோதனை இல்லை.

இப்படிக்கு,
அலுவலர்

பின்குறிப்பு: அக்காவின் முழங்கால் வலி எப்படி?

மார்ச் 24

அலுவலர் அவர்களுக்கு,

ஊசி போட்டாயிற்று. வாய்க்கால் ஓரத்தில் தினமும் பசும்புல் அறுக்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். மூன்று வருடம் முன்பும் மழை இல்லை, இதே மாதிரி வெளுத்த புல்தான் போட்டோம். அப்படியென்றால் அந்தக் கன்றும்? "நீங்க கேக்கறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா"ன்னு உன் அக்கா பக்கத்தில் நிற்கிறாள்.

பண்ணைக்காரர்

ஏப்ரல் 2

மாமாவுக்கு,

ஆமாம், அதுவும்தான். நான் துடைத்துவிடும் முன்பே அதற்குப் பார்வை இல்லை. இதெல்லாம் படித்தவன் நான். இருந்தும் மூன்று வருடமாக எந்தக் கன்றையும் தொடவில்லை. நீங்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். என் கோபமெல்லாம் அதில்தான்.

மச்சினன்

செப்டம்பர் 18

மாப்பிள்ளைக்கு,

செவலைப் பசு நான்கு நாள் முன்பு ஈன்றாள். வழியில் வாளியை வைத்துப் பார்த்தேன். கன்று முட்டாமல் சுற்றிப் போய்த் தாயிடம் குடித்தது.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது.

கறுப்புப் பசு இன்னும் பத்து நாளில் ஈனும். இந்தத் தடவை நான் தொழுவத்துக்கு வெளியே நிற்கிறேன். கன்றை நீ தொடு.

மாமா