பாலத்தடியில் எங்களைத் தெரியாதவர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அந்தக் கொம்பனி மனிசனை நினைக்க நினைக்க நெஞ்சு எரிகிறது. வாவியில் வெள்ளம் ஏறினால் மணியடிக்கும் கருவி ஒன்றை நானும் என் வகுப்புத் தோழி சுமதியும் செய்திருந்தோம். பெற்றறி, வயர், மணி எல்லாம் அவருடைய கொழும்புக் கொம்பனி தந்தவை. உயர்தரத்தில் கணிதம் படிக்கும் நாங்கள் எஞ்சினியர்களாக வரவேண்டுமாம்.

காலையில் அதைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, பாலத்தடிச் சென்றிக் காவலரணில் ஆமிக்காரர் பையைத் திறந்தார்கள். வயரைக் கண்டதும் குண்டு என்று நினைத்துத் துவக்கை நீட்டினார்கள். பின்னால் வந்த வான் வண்டியில் அந்தக் கொம்பனி மனிசன் இருந்தார்.

"சேர், நீங்க தந்த சாமான் எண்டு சொல்லுங்க!" என்று கத்தினேன்.

எங்களைத் தெரியுமா என்று ஆமிக்காரன் அவரிடம் கேட்டான். "தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணாடியை ஏற்றினார். வான் போய்விட்டது.

அதிபர் வந்து மீட்கும்வரை வெயிலில் முழங்காலில் இருந்தோம்.

பின்னேரம் அதே மனிசன் பள்ளிக்கூடத்தில் கொம்பனிப் பதாகையைக் கட்டிவிட்டு, "படம் எடுக்கப்போறோம், சிரிங்க பிள்ளைகள்" என்றார்.

"காலையில தெரியாத எங்கள இப்ப தெரியுதா சேர்?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அதிபர் என் கையைப் பிடித்து அமத்தினார்.

அவர் செருமினார். "நிலைமை அப்படி, மகள்."

சுமதி படத்துக்கு நிற்காமல் வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"நான் கணிதத்த விட்டிட்டு ஆட்ஸ் பிரிவுக்கு மாறப்போறன்கா. இனி வயரத் தொடமாட்டன்" என்றாள்.

கருவியில் முக்கால்வாசி வேலை அவளுடையது. அந்த நேரம் பார்த்து வான் எங்களைக் கடந்துபோனது. உள்ளே இருந்து அந்தக் கொம்பனி மனிசன் கை காட்டினான்.