முழுகாமல் இருக்கிறீர்களா என்றொரு கேள்வி

டொக்டர்,

இதை எழுதும் விரல்களில் இன்னும் சவர்க்காரம் மணக்கிறது. காலையில் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்ததிலிருந்து கழுவிக்கொண்டே இருக்கிறேன். கையுறை போட்டிருந்தேன், ஒரு துளியும் சிந்தவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை.

ஸ்பிரிங்வெளியில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் மாரியம்மாவின் மாடு அது. கன்று போட்டு மாதக்கணக்காகியும் பருவத்துக்கு வரவில்லை. பதுளையிலிருந்து வந்த இளம் டொக்டர் சோதித்துப் பார்த்து, சினை இல்லை, சினைப்பையில் நீர்க்கட்டி, சுவர் தடித்த வகை என்றார். அதைக் கரைக்கும் ஹோர்மோன் மருந்து அன்று அவர் கையில் இல்லை. அனுப்பி வைத்தால் போட்டுவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார். ஓய்வு பெற்ற கை என்று சொல்லி மறுக்கவும் தைரியம் வரவில்லை.

குப்பியைப் பார்த்ததும் உங்கள் நினைவுதான். மடுல்சீமையில் நான் உங்கள் உதவியாளனாக அலைந்த காலத்தில், இந்த மருந்தைத் திறக்குமுன் எப்போதும் கேட்பீர்கள்: மாடு சினையா, பக்கத்தில் நிற்கிற பெண்களில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா? மாட்டின் கருவைக் கலைக்கிற மருந்து, தோலில் பட்டால் மனிதருக்கும் அதையே செய்யக்கூடும் என்பீர்கள். லயமே சிரிக்கும். நான் மருந்துப் பெட்டிக்குள் தலையைக் குனிந்துகொள்வேன். அதைக் கவனித்துத்தான் ஒருநாள் ஜீப்பில் சொன்னீர்கள்: "வெக்கப்பட்டுக்கிட்டே கேளுங்க, பயந்துக்கிட்டே கேளுங்க. ஆனா கேட்டுப்புட்டு தொறங்க."

நீங்கள் கூட இருந்தவரை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று கயிற்றைப் பிடித்திருந்தவள் மாரியம்மாவின் மருமகள். தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாடு ஒருமுறை உதறினால் மருந்து அவள் மேல் தெறிக்கும் தூரம். இந்த வயதில், அயல் வீட்டுப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது? குப்பியை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "முழுகாம இருக்கீங்களா?"

மாரியம்மா சிரித்துவிட்டார். "மாட்டப் போயி கேக்குறீங்களே ஐயா. அது என்னைக்கு தானா முழுகுச்சு? நாந்தானே கழுவி விடுறேன்."

நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. "மாட்டை இல்லம்மா. இந்த மருந்து பட்டா பொம்பளைங்களுக்கு ஆகாது. வயித்துல இருந்தா கலைஞ்சிரும்."

மருமகள் சிரிக்கவில்லை. கயிற்றை மாமியார் கையில் வைத்துவிட்டு, லயத்து வாசல்வரை போய் நின்றாள். மாரியம்மா அவளையே பார்த்தார். பிறகு, "ஏன்டி, எங்கிட்ட சொல்லலையே" என்றார், மெதுவாக.

மாட்டுக்கு ஊசி போட்டேன். குப்பியையும் ஊசியையும் நானே குழி தோண்டிப் புதைத்தேன். கேட்காமல் திறந்திருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய்க் கை கழுவுகிறேன்.

உங்கள் தைரியம் எனக்கு வரவே இல்லை, டொக்டர். அடுத்த முறையும் மாட்டைப் பார்த்துத்தான் கேட்பேன் போலிருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டுத்தான் திறப்பேன்.