நீ போட்ட அம்புக்குறி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன், அந்த வரியை அடித்தேன், பிறகு வேறு தாள் எடுத்தேன். நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நீதான் என்ன செய்வாய். அதனால் இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன். உன் அம்மா எழுந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள், தலைவலி விட்டுவிட்டது. நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கவசம் இல்லாமல் உள்ளே போகாமல், முந்நூறு பேருக்குக் காற்று அனுப்புகிற அந்தப் பெரிய ஃபேன்களோடு நீயும் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய். நான் மாட்டுன ஃபேன்தானேப்பா, நான்தானே எதையோ தப்பாப் பண்ணியிருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உனக்குப் பின்னால் போனுக்காக வரிசையில் நிற்கிறவர்கள் செருமுவதுகூட எனக்குக் கேட்டது. உனக்குக் கிடைக்கிற பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் உன்னையே திட்டிக்கொண்டாய், மிச்சமிருந்த ஒரு நிமிடம் நான் அழாதே அழாதே என்றேன். அதற்கு முந்தின ஞாயிறும் இதே கதைதான். இரண்டு வாரமும் உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். சனிக்கிழமை சாமான் வண்டியில் உங்கள் முகாமுக்குத் தபாலும் வரும் என்றாயே, அதில் இது உன் கைக்கு வரட்டும், தனியாக இருக்கும்போது படி. உன் மேல் ஒரு தப்பும் இல்லை பாப்பா. ஃபேனை நீ சரியாகத்தான் மாட்டினாய். கழற்றித் திருப்பி மாட்டியவன் நான்.

போன லீவில் பத்து நாள் வந்தவள் மூன்று நாளை பாத்ரூம் கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டே கழித்தாய். ஜன்னல் இல்லாத பாத்ரூம், ஒருவர் குளித்தால் நான்கு சுவரும் வியர்க்கும், மூலையில் கறுப்பாகப் பூஞ்சை, அதனால் உன் அம்மாவுக்கு ஓயாத இருமல். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாயை வளைக்காமல் நேராகக் கொண்டுபோய், நடுவில் அந்த உருண்டை ஃபேனை ரப்பர் வைத்துத் தொங்கவிட்டு, மறுமுனையைக் கட்டடத்தின் நடுவே கீழிருந்து மாடிவரை போகிற ஷாஃப்டில் விட்டாய். குளியல் முடிந்து கால் மணி நேரத்தில் சுவர் காய்ந்தது. இருமல் ஒரே மாதத்தில் நின்றது. போகிறதற்கு முந்தின நாள் என்னை ஸ்டூலில் ஏற்றிப் பாடம் நடத்தினாய், நினைவிருக்கிறதா. மெயினை அணைக்கணும், பிளக்கைப் பிடுங்கணும், இறக்கை நிற்கிற வரைக்கும் கையை விடக்கூடாது, இரண்டு கிளாம்பையும் தளர்த்தினால் ஃபேன் கைக்கு வந்துவிடும், காய்ந்த பிரஷால் தூசி தட்டணும், மோட்டாரில் ஈரம் படக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். எல்லாவற்றையும் நான் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த ஃபேனுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாய் என்பதால் அதன் வயிற்றில் கறுப்பு மார்க்கரால் பெரிய அம்பு ஒன்று போட்டாய். காத்து இந்தப் பக்கம்தான் போகணும்ப்பா, அம்பு எப்பவும் ஷாஃப்டைப் பாத்தே இருக்கணும் என்றாய். அதை மட்டும் நான் எழுதவில்லை, அதுதான் ஃபேன் மேலேயே இருக்கிறதே என்று.

ஆறு மாதம் ஆனதும் நீ சொன்ன வரிசை பிசகாமல் செய்தேன். மெயினை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், நூறு எண்ணும்வரை காத்திருந்தேன். ஸ்டூலிலிருந்து இறங்கி, ஃபேனை மேஜைமேல் துண்டு விரித்து வைத்துத் தூசி தட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பன் முப்பத்தெட்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவன் ஆயிற்றே. வலது எது இடது எது என்று லென்ஸில் மைப்புள்ளி வைப்போம், வேலை முடிந்ததும் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைத்துவிடுவோம். புள்ளியோடு ஒரு கண்ணாடி வாடிக்கையாளர் கைக்குப் போனால் முதலாளி கடையே இடிந்து விழுந்ததுபோலக் கத்துவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போய்விட்டது. உன் அம்பு போயிற்று. நீராவியில் உரிந்து தொங்கிக்கொண்டிருந்த கம்பெனி ஸ்டிக்கரையும், அதிலும் ஒரு சின்ன அம்பு இருந்திருக்கும், நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். பளபளவென்று ஆக்கி உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்குங்க, ஆமா இதுல எது முன்பக்கம் என்றாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன சொன்னேன் தெரியுமா, முப்பத்தெட்டு வருஷம் வலது இடது பார்த்தவனுக்கு இது தெரியாதா என்றேன். தெரியாது. ஞாயிறு வரை பொறுத்திருந்து உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கைக்கு வந்த வாக்கில் மேலே மாட்டிவிட்டேன்.

அதே நாள் இன்னொன்றும் செய்தேன். ஃபேனுக்கு அடுத்தாற்போல் குழாய்க்குள் ஒரு மெல்லிய தகட்டுக் கதவு வைத்திருந்தாயே, வெளிக்காற்று உள்ளே வராமல் மூடிக்கொள்ளும் என்று. அது காற்று அடிக்கிறபோதெல்லாம் டப்டப் என்று அடித்து உன் அம்மாவின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தது. கம்பி போட்டு அதைத் திறந்தபடியே கட்டிவிட்டேன். அது மட்டும் சும்மா இருந்திருந்தால் ஃபேன் திரும்பியிருந்தாலும் கதவு மூடிக்கொண்டு ஆளைக் காப்பாற்றியிருக்கும். அவள் தூங்கட்டும் என்றுதான் கட்டினேன் பாப்பா.

பிறகு காகிதப் பரீட்சை. மாதம் பிறந்தால் மெல்லிய காகிதத்தைக் கூரைச் சல்லடையில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். வைத்தேன், ஒட்டவில்லை, பறந்து வந்து என் மூக்கில் விழுந்தது. நான் துடைத்த துடைப்பில் ஃபேனுக்கு வேகம் கூடிவிட்டது என்று பூரித்துப்போனேன். அந்த ஞாயிறு போனில் உன்னிடம் பெருமையாகவும் சொன்னேன், காகிதம் பறந்து மூக்கில் விழுந்துச்சு என்று. நீ சிரித்தாய். இரைச்சலில் பாதிதான் கேட்டிருக்கும், அப்பா கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று சிரித்தாய், பார்த்து ஏறுங்கப்பா என்றாய், போன் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அன்று முழுக்க நான் உன் அம்மாவிடம், பிள்ளையைச் சிரிக்க வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சிரிப்பு என்றாவது உனக்கு நினைவு வரும். வரும்போது உன் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். எட்டாத தூரத்தில் இருக்கிறவள் இரைச்சலில் கேட்டதற்குச் சிரித்தாள், அவ்வளவுதான். ஒட்டவேண்டியது பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

நீ போன பிறகு கீழ்வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா குடிவந்ததைச் சொல்லியிருக்கிறேன். அவள் கேஸ் ஹீட்டர் மாட்டினதும், அதன் புகைக்குழாயை மாட்டியவன் மாடிவரை கொண்டுபோகாமல் நம் ஷாஃப்டிலேயே பாதியில் விட்டதும் அப்போது உனக்குத் தெரிய வழியில்லை, எனக்கே எல்லாம் நடந்த பிறகுதான் தெரிந்தது. அவள் பாத்ரூம் காற்றும் அந்த ஷாஃப்டுக்குத்தான் வரும். காலை பத்தரை மணிக்கு அவள் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து குளிப்பாள், அதே நேரத்தில்தான் உன் அம்மாவும் வீட்டு வேலை முடித்துக் குளிக்கப் போவாள். திரும்பிப்போன ஃபேன் அந்தப் புகையை ஏழு வாரம் நம் பாத்ரூமுக்குள் இழுத்திருக்கிறது. குளித்துவிட்டு வந்தால் தலைவலி என்பாள், குமட்டல் என்பாள், வயதாகிறது என்றேன். கீழ்வீட்டு சோப்பு வாசனை நம்ம பாத்ரூம்ல அடிக்குது, நமக்கு சோப்பு மிச்சம் என்று அவள் ஒருநாள் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை வாளி உருளுகிற சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினேன், கீழே கிடந்தாள். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை பாப்பா. கக்கத்தில் கை கொடுத்து இழுக்கிறேன், என் கால் வழுக்குகிறது, எனக்கே தலை சுற்றுகிறது. கத்தின கத்தலில் நர்ஸம்மா ஈரத்தலையோடு ஓடிவந்தாள். வாசலில் வந்தவள் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்தாள். என் சோப்பு வாசனை இங்கே எப்படி வருது என்றாள். மறுகணமே ஃபேன் ஸ்விட்சை அணைத்து, உன் அம்மாவைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். உன் அம்மா இன்று மூச்சோடு இருக்கிறாள் என்றால் அது அவளால்தான்.

ஹீட்டர் புகையில் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷக்காற்று உண்டாம், ரத்தத்தில் ஏறிக்கொள்ளுமாம், சோப்பு வாசனை வராதிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து இரண்டு நாள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். புகை ஏறியதையும் ஆஸ்பத்திரியையும் போனில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது இன்னொன்று உண்டு. உன் அம்மாவுக்கு நினைவு நிற்கவில்லை. பழசெல்லாம் தெளிவாகச் சொல்கிறாள், நீ மூன்றாம் வகுப்பில் தொலைத்த குடையின் நிறம்வரைக்கும். காலையில் நடந்தது சாயங்காலம் இல்லை. சிலருக்குச் சில வாரத்தில் திரும்பிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், வேறென்ன தெரியும் எனக்கு.

ஃபேன் இப்போது பீரோவின் மேல் இருக்கிறது. கூரை ஓட்டையைப் பலகை வைத்து அடைத்து, தினமும் அங்கே காகிதம் பிடித்துப் பார்க்கிறேன், அசையவில்லை. நர்ஸம்மா ஹீட்டரைத் தொடுவதில்லை, அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளிக்கிறாள், விஷக்காற்று வந்தால் கத்துகிற ஒரு கருவியை நம் சுவரிலும் மாட்டிவிட்டாள். ஆனால் பூஞ்சை திரும்ப வந்துவிட்டது பாப்பா. மூலையில் கடுகளவு தெரிந்தது, இப்போது கையளவு. இருமலும் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் துணியால் சுவரைத் துடைக்கிறேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஃபேனை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, எப்படி வெச்சாலும் சுத்தும் சார் என்றான். அவனை அனுப்பிவிட்டேன். ஃபேன் இருந்தால் பயம், இல்லாவிட்டால் இருமல், நடுவில் ஸ்டூலில் ஏறவும் துணிவில்லாமல் நான். உனக்கு மாற்று ஆள் வர ஆறு வாரம் ஆகும் என்றார்களாமே. நீ இல்லாவிட்டால் அந்தச் சுரங்கத்தில் இருக்கிறவர்களுக்கு யார் காற்று பார்ப்பார்கள், விட்டுவிட்டு வா என்று எழுதக் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை.

உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் நாள் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, விடுங்க, வேணும்னேவா பண்ணீங்க என்றாள். எனக்கு மலை இறங்கினதுபோல இருந்தது. சாயங்காலம், ஃபேனை ஏன் கழட்டி வெச்சிருக்கீங்க என்று கேட்டாள். மறுநாள் மறுபடி சொன்னேன், நீங்க எதைத்தான் துடைக்காம விட்டீங்க என்று சிரித்தாள். அதுவும் சாயங்காலம் வரைதான். இன்று காலை ஐந்தாவது தடவை சொன்னேன், இதைப் பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா என்றாள். சொல்லாமல் இருந்துவிடலாம்தான், ஆனால் ஃபேன் ஏன் இறங்கியிருக்கிறது என்று அவள் கேட்கிறபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கும் சொல்வேன், நாளைக்கும் மன்னிப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஃபேன்களில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நம்பாதே, நீயே போய்க் காகிதம் வைத்துப் பார். எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, நீ நீண்ட நாள் நல்ல காற்றைச் சுவாசித்து நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒரு வேலை செய், ஃபேனை எப்படி வைப்பது என்று ஒரு தாளில் படம் போட்டு, அம்பும் போட்டு அனுப்பு. அதை வைத்து யாரையாவது கூட்டிவந்து மாட்டுகிறேன், அம்பின் மேல் துணி படாது, இது சத்தியம். அந்தத் தாளின் அடியில் எனக்கும் ஒரு வரி எழுது. திட்டுவதானால் திட்டு, மனது வந்தால் வேறு எதையாவது எழுது, எதுவானாலும் சரி. உன் அம்மா சொல்வது சாயங்காலத்தோடு போய்விடுகிறது, நீ எழுதினால் இருக்கும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா