நான் விட்டுவிட்ட செவ்வாய்க்கிழமை வகுப்பு

அப்பா,

உங்கள் குளிர் ஜாக்கெட்டை இன்றைக்குத்தான் அலமாரியிலிருந்து எடுத்தேன். இத்தனை வருடமும் எறியவிடாமல் போட்டுக்கொண்டு திரிந்தீர்களே, அதே சாம்பல் நிற ஜாக்கெட். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உள்பையில் கையை விட்டேன். தைல வாசம் குப்பென்று வந்தது. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். பைக்குள் ஒரு சின்ன ரப்பர் பந்து கிடந்தது. வலது கை விரல்களை மடக்கிப் பழக ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கொடுத்த பந்து. கூடவே சிகிச்சைக்குப் போகவேண்டிய நாள்களைக் குறித்த அட்டை. எல்லாமே செவ்வாய்க்கிழமைகள். அட்டைக்குள் மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில், வின்டர்தூர் நகரத்தின் அந்த இரண்டு அறை வீட்டில் நீங்களும் நானும் மட்டும். அம்மா மன்னாரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் கோப்பை கழுவினீர்கள். நான் பொறியியல் கல்லூரியில் முதலாம் வருடம். மாநில அரசான கன்டோன் தந்த ஸ்டிப்பெண்டியத்தில்தான் படித்தேன், அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் படிப்பே இல்லை. ஒவ்வொரு காலையும் கதவைத் தட்டுவீர்கள்.

"எழும்பு, பஞ்சி பிடிச்சவளே! சுவிஸ்காரன் அரைநாள் வேலையை முடிச்சுப்போட்டான்."

எனக்கு அந்தச் சோம்பேறிப் பட்டம் பிடிக்காது. ஆனால் பொய்யில்லை, எழும்ப எனக்கு எப்போதும் பஞ்சிதான்.

அந்த மாரிக் குளிரில்தான் ரெஸ்டோரண்டின் இறைச்சி வெட்டும் மெஷினில் உங்கள் கை அகப்பட்டது. விரல்கள் மடங்கவேண்டுமென்றால் வாராவாரம் சிகிச்சைக்கு வரவேண்டும் என்றார் டாக்டர். உங்களுக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். "நீ வராட்டி நான் அங்க என்னெண்டு கதைக்கிறது, பிள்ளை?" என்று கேட்டீர்கள். செவ்வாய் பின்னேரம் எனக்கு இரசாயன ஆய்வுகூட வகுப்பு. அதற்கென்ன, அடுத்த வருடம் எடுக்கலாம் என்று நினைத்தேன். வகுப்பை விடுவதற்குக் கல்லூரிக் கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள். ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வகுப்பை விட்டால் ஒரு வகுப்புத்தானே போகும் என்று நம்பிய மடச்சி நான்.

மூன்று கிழமையில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாரத்தில் இத்தனை மணித்தியாலம் படித்தால்தான் முழுநேர மாணவி. நான் விட்ட வகுப்போடு கணக்கு அதற்குக் கீழே போய்விட்டது. முழுநேர மாணவி இல்லையென்றால் ஸ்டிப்பெண்டியம் நிற்கும். இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

"என்னவாம் பிள்ளை?" என்றீர்கள்.

"ஒண்டுமில்லையப்பா, மாணவர் அட்டைக்குப் புதுப் படம் ஒண்டு கேக்கினம்."

"படம் கேக்கிறதுக்கோ உன்ர முகம் இப்பிடிக் கிடக்கு?"

அந்த வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் உங்களுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. அன்றைக்கு முதல் தடவையாகப் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் உங்கள் கையால்தான் என் படிப்புப் போனது என்று ஆகிவிடும், அதை எப்படிச் சொல்வேன்? கடிதத்தை இரசாயனப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு பக்கத்தில் ஒரு மேன்முறையீடு எழுதி அனுப்பினேன். அதோடு நிற்காமல், பேக்கரி ஒன்றில் வேலை கிடைக்குமா என்றும் கேட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை நான் காலில் சப்பாத்துப் போடும்போது சொன்னீர்கள்: "இனி நீ வரவேண்டாம்."

"ஏனப்பா? ஆர் கதைக்கிறது?"

"நான் கதைப்பன். நீ உன்ர வகுப்புக்குப் போ."

எனக்கு வந்த கோபம்! நான் இவருக்காக வகுப்பையே விட்டேன், இவர் என்னைக் கழற்றிவிடுகிறாரே என்று. "பெரிய ஆள்தான், போங்கோ!" என்று கதவை அடித்துச் சாத்தினேன். போக வேறு இடமில்லாமல் ஆய்வுகூடத்துக்குப் போய், திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அலுவலகத்திலிருந்து இரண்டாவது கடிதம். எழுத்திலும் நேரிலும் தெரிவித்த காரணங்களைக் கவனித்தார்களாம். வகுப்பில் திரும்பச் சேர்ந்ததால் உதவித்தொகை முழுதாகத் தொடருமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிப் பயமில்லை என்று எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டினேன். என் நாலு பக்கக் கடிதத்தின் பெருமையைத்தான் கூடச் சொன்னேன். நீங்கள் பந்தை அமத்திக்கொண்டே, "ஓம் ஓம், நீ கெட்டிக்காரி" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு எத்தனை கலியாண வீட்டில், எத்தனை பிறந்தநாளில் இந்தக் கதையை அளந்திருப்பேன்! நீங்கள் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டு கேட்பீர்கள்.

இன்றைக்கு அந்தத் தாளை விரித்தேன், அப்பா. சூரிச்சுக்குப் போய்வந்த ரயில் டிக்கெட் ஒன்று அதிலிருந்து விழுந்தது. உதவித்தொகை அலுவலகம் சூரிச்சில்தான் இருந்தது. தபால் கந்தோருக்குக்கூட என்னை விட்டுப் போகாத நீங்கள்!

தாளின் ஒரு பக்கத்தில் நீல மையில் இரண்டு ஜெர்மன் வசனங்கள். அது உங்கள் கைக்குச் சிகிச்சை தந்த பெண்ணின் எழுத்து, அட்டையிலும் அதே எழுத்துத்தான். நான் கல்லூரியில் இருந்த ஒரு நாள், என் புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவளிடம்தான் காட்டியிருக்கிறீர்கள். மறுபக்கத்தில் அதே வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தீர்கள். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. அர்த்தம் இதுதான்: என் கைக்காக மகள் வகுப்பை விட்டாள். இனி நான் சிகிச்சைக்குத் தனியாகப் போவேன், அவள் வகுப்புக்குப் போவாள். 'நேரிலும்' என்று அந்த இரண்டாவது கடிதத்தில் இருந்ததே, உங்களுக்குக் கடிதம் வாசிக்கிற நான் அதைக் கந்தோர்க்காரரின் வழமையான எழுத்து என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

தமிழ்ப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வசனம் கிடந்தது. நீல மைப் பக்கத்தில் அது இல்லை. அது நீங்களாகச் சேர்த்தது. 'மைனே டொஹ்டர் இஸ்ட் நிஹ்ட் ஃபவுல்.' அந்தக் கடைசிச் சொல், சமையலறையில் பெரிய சமையல்காரர் உங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்துகிற சொல். அதை வைத்துத்தான் கட்டியிருக்கிறீர்கள்: என் மகள் பஞ்சி பிடித்தவள் இல்லை.

வெறும் அறையில் நின்று அதைச் சத்தமாக வாசித்தேன். பிறகு அழுதேன், நன்றாக அழுதேன்.

ஜாக்கெட்டைக் கொடுத்துவிடுவேன். தாளை என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். இன்று காலையும் எழும்பப் பஞ்சியாகத்தான் இருந்தது, அப்பா. கதவைத் தட்ட ஆளில்லை. ஆனாலும் எழும்பிவிட்டேன்.