அந்த ‘நாங்க’வில் யார் யார்?

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்வதைப் பாதி நம்பிக்கொண்டு, மீதிப் பாதியை விசாரிக்க இதை எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ அதைப் பதிவு செய்து வகுப்பில் போட்டுக் காட்டுகிறாயாம், உன் அக்கா சொன்னாள். “நீங்க பேசறதுதாம்மா அவனுக்குப் பாடமே” என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. நான் பெற்ற பிள்ளையை நான் திட்டுவதை முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து ஆராய வேண்டாம், அதனால்தான் காகிதம்.

உன் அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. ஆனால் மாத்திரையை விழுங்குகிறாரா ஜன்னல் வழியாக வீசுகிறாரா என்று எனக்குச் சந்தேகம், அதனால் தண்ணீர் டம்ளரோடு எதிரிலேயே நிற்கிறேன். அக்கா வேலைக்குப் போகும் நாட்களில் அவள் மகளை, அதுதான் உன் செல்ல வாலு, இங்கே விட்டுவிட்டுப் போகிறாள். எங்கள் ட்ரை கிளீனிங் கடையில் பெரிய இயந்திரம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, வந்த நாளிலிருந்து முதலாளிக்கு அதைத் துடைப்பதே வேலை. கவுண்டரில் இன்னும் நான்தான். துணியை வாங்கியதும் பை பையாகக் கை விட்டுப் பார்ப்பேன், மறந்துபோன ஒரு பேனா போதும், கூடப் போகும் துணியெல்லாம் பாழ். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டதென்று உன் அப்பா குறைப்படுகிறார். வரட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு மொழியியல் எதற்கடா என்று நீ சேர்ந்தபோதே கேட்டேன். “சும்மா ஒரு ஆசைம்மா” என்றாய். படி என்றால் வயிற்றுவலி வந்த பிள்ளை நீ. பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறிவிட்டு, கையில் கிரீஸ் போவதற்குள் சாயங்கால வகுப்புக்கு ஓடும் ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது? சரி, மொழியியல் போகட்டும். கூடவே ஒரு வெளிநாட்டு மொழி. நீ இருக்கும் ஊரில் பேசுவதாவது என்றால் புரிந்துகொள்வேன், இது வேறு எங்கேயோ பேசுவதாம், பெயரே என் வாயில் நுழையவில்லை. ஏன் அது என்று கேட்டால் “வகுப்புல இடம் இருந்துச்சு, சேந்துட்டேன்” என்கிறாய். இடம் இருக்கிறதென்று பஸ்ஸில் ஏறுவார்கள், பாஷையில் யாராவது ஏறுவார்களா? அப்போதே என் மூக்கு வேர்த்துவிட்டது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீயே வாலுக்கு அந்த மொழியில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாய். அவள் அதையே பாட்டுப் போல் நாள் முழுக்கப் பாடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். அர்த்தம் என்னடி என்று கேட்டேன். “ஈரத் துண்ட கட்டில் மேல போடாதன்னு அர்த்தமாம், மாமா சொன்னாங்க” என்றாள். எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடத்தில் இதைச் சொல்லித்தருகிறார்கள்? ரயில் நிலையம் எங்கே, இன்று என்ன கிழமை, இப்படித்தானே ஆரம்பிப்பார்கள்? இது பாடத்தில் வருகிற வாக்கியம் இல்லை, வாங்கிக் கட்டிக்கொள்கிற வாக்கியம். மெத்தை நாறுகிறது, கொடியில் போடு என்று நீ வீட்டை விட்டுக் கிளம்பும்வரை இதைத்தான் நான் தொண்டை வறளக் கத்தினேன். இப்போது அங்கே யாரோ கத்துகிறார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் உன் வீட்டுப்பாடம் என்று போன் செய்தாய். ‘நாம’ வைத்துச் சொல்லுங்க, ‘நாங்க’ வைத்துச் சொல்லுங்க என்று என்னைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வைத்தாய். “கேக்கறவங்களையும் சேத்துக்கிட்டா நாம, சேத்துக்கலன்னா நாங்க, நெறைய பாஷைல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்மா” என்று எனக்கே விளக்கம் வேறு. அப்படிப்பட்ட பாஷையில் ஒளித்து வைப்பது எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன். வாயை மூடுவதற்குள் நீயே மாட்டிக்கொண்டாய். “போன வாரம் நாங்க ஜன்னலுக்குத் திரை வாங்கினோம்” என்றாய். யாரடா அந்த நாங்க என்றேன். “கூடப் படிக்கிற பசங்க” என்றாய். உன் அறை ஜன்னலுக்குத் திரை வாங்க வகுப்பே கிளம்பி வந்ததாக்கும்! அதைக்கூட மன்னித்துவிடுவேன். வைக்கும்போது, “உங்க வீட்டுல மழையா?” என்று கேட்டாயே, அது என்ன? அதுவரை நம்ம வீட்டில் மழையா என்றுதான் கேட்பாய். போனை வைத்துவிட்டு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

உன் அப்பா மட்டும் கொஞ்சமும் கவலைப்படவில்லை. படிக்கிற பிள்ளையைச் சந்தேகப்படாதே என்று எனக்குப் புத்தி சொன்னார். அவ்வளவு நிம்மதி அவருக்கு இயல்பில்லை, ஆகவே அதையும் சந்தேகப்பட்டேன். நேற்று அவர் சமையலறைக் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பாமலே, அவ வந்தா நம்ம சாப்பாடு ஒத்துக்குமா என்று கேட்டேன். யார், எவள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “காரம் கொஞ்சம் கொறச்சா போதுமாம்” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார். கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

ஆக அந்த நாங்கவில் நீ இருக்கிறாய், அவள் இருக்கிறாள், உன் அப்பாவும் இருக்கிறார். வெளியே நின்றது நான் ஒருத்திதான். அவளிடம் எனக்குக் கோபமில்லை, முகம் தெரியாதவளிடம் என்ன கோபம். அம்மா நோண்டி நோண்டிக் கேட்பாள் என்று நீயும் உன் அப்பாவும் பேசி வைத்துக்கொண்டீர்களே, அதுதான் ஆறவில்லை. கேட்பேன்தான். கேட்காமல் பின்னே? கல்யாணம் கில்யாணம் ஏதாவது முடிந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடு, இன்னொரு முறை அப்பா காலில் ஸ்பேனர் விழ வேண்டாம்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா என்று நீயே ஒருமுறை பார், மேலே நிற்பவன் சொல்வதை நம்பி இறங்காதே. பரீட்சையை நன்றாக எழுது, வகுப்பை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, அவள் வீட்டார் பேசுவது ஒருவருக்காவது புரிய வேண்டும். நீயும் அவளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை போன் செய்தால் அவள் கையில் கொடு, மறக்காதே. வாலுவை உட்கார வைத்து அந்த ஈரத் துண்டு வாக்கியத்தை நெட்டுருப் போட்டுவிட்டேன், அதைத்தான் போனில் அவளிடம் சொல்லப்போகிறேன். வேண்டுமானால் அதைப் பதிவு செய்துகொள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதை நாங்க இனிமேல் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்த நாங்கவில் நீ கிடையாது.

ஆசிகளுடன்,
நம்ம வீட்டிலிருந்து,
உன் அம்மா