சிக்காத குண்டு

தல்லாகுளம், மதுரை
25.04.2024

அன்புள்ள மாமாவுக்கு, அஸ்வினி எழுதுவது.

போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் கத்தத்தான் வருகிறது. நம் ஐந்து வயது மகள் இசை பக்கத்தில் நின்று கேட்கிறாள். இனித் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது.

ரோகிணி அக்கா வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அழகர் எதிர்சேவைக் கூட்டமெல்லாம் வடிந்து, இன்றைக்குத்தான் தெருவுக்குள் ஆட்டோ வருகிறது.

இசைவாணிதான் சரியில்லை. வந்து ஒரு மாதம் ஆகியும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டேன் என்கிறாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்கிறாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம். நேற்று அக்கா மகள் பவதாரிணியின் கையைக் கடித்துவிட்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. "தண்ணி மாறுனா அப்படித்தான்டி, சரியாப் போயிரும்" என்கிறாள் அக்கா. ஆனால் ஹூஸ்டனில் இருந்தபோதே, பொங்கல் சமயத்திலிருந்தே, இப்படித்தான் இருந்தாள். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் கடையில் அந்தக் கொள்ளை நடந்து பத்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வாங்கிய சின்னத் துப்பாக்கியை விற்றுவிடுவேன் என்று சொல்லித்தான் எங்களை விமானம் ஏற்றிவிட்டீர்கள். விற்றாயிற்றா? ஆறுதலுக்காக எதுவும் எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். ஜூலை பத்தாம் தேதி எங்களுக்குத் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
அஸ்வினி


ஹூஸ்டன்
01.05.2024

என் அஸ்வினிக்கு,

விற்கவில்லை.

உள்ளதை எழுதச் சொன்னாய். அது இந்த ஒரு வார்த்தையோடு முடியாது. சனிக்கிழமைகளில் கராஜில் என்ன வேலை என்று கேட்பாய், அலமாரி செய்கிறேன் என்பேன். அலமாரி எதுவும் செய்யவில்லை. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி நிரப்புகிறேன். இந்த ஊரில் அது சட்ட விரோதம் இல்லை. நிறையப் பேர் செய்கிறார்கள்.

கால்சட்டைப் பைக்குள் அடங்குகிற துப்பாக்கி அது. அத்தனை சின்னதுக்கு எல்லாக் குண்டும் ஒத்துவராது. மூக்குத் தட்டையாக இருந்தால் குழலுக்குள் ஏறும்போது இடித்து நின்றுவிடும். உருண்டை மூக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஈயம் மெத்தென்று இருந்தால் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். ரொம்பக் கடினமாக இருந்தாலும் சரிவராது. எடை கூடினால் கையை உதறி எடுக்கும். வார்த்து விற்கிற குண்டுகளில் ஐந்து வகை வாங்கி வந்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். நல்லது என்று சொன்ன வகையிலும் இருபதுக்கு ஒன்று சிக்கியது. இருபதுக்கு ஒன்றுதானே என்பாய். மறுபடி எவனாவது கொள்ளையடிக்க வருகிற அன்றைக்கு என் கைக்கு வருவது அந்த ஒன்றாக இருந்தால் என்ன செய்வேன்? கடையில் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன்.

அதனால் போன செப்டம்பரிலிருந்து நானே ஈயத்தை உருக்கி அச்சில் வார்க்கிறேன். மேலே பச்சைப்பொடியால் ஒரு பூச்சு. பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். இசைக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடிக்கும். நீ வேலைக்குப் போன பிறகு கராஜில் இருக்கிற வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு பத்துப் பத்தாக அடுக்கித் தருவாள். மூக்கில் பள்ளம் விழுந்ததை என்னைவிடச் சரியாகக் கண்டுபிடித்து, "இது சொத்தைப்பா" என்று தூக்கிப் போடுவாள். வேலை முடிந்ததும் சின்ன விளக்குமாறை எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து பெருக்குவாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். பிள்ளையைத் திட்டாதே.

இப்போது வார்க்கிற வகை ஐம்பதுக்கு ஒன்றுகூடச் சிக்குவதில்லை. ஒன்றும் சிக்காத வகை கிடைத்துவிட்டால் நிறுத்திவிடுவேன்.

டாக்டர் என்ன சொன்னார்?

தங்கப்பாண்டி


தல்லாகுளம்
07.05.2024

மாமா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டேன். ரத்தசோகை என்றார்கள். மற்றச் சோதனைகளோடு ஈயம் இருக்கிறதா என்றும் பார்க்க எழுதிக்கொடுத்தார்கள். "வீட்டுல பழைய பெயின்ட் உரியுதா? பேட்டரி வேலை, ஈயம் உருக்குற வேலை யாராச்சும் பாக்குறாங்களாம்மா?" என்று கேட்டார்கள்.

"இல்லை டாக்டர். அவங்க அப்பா கடையில மேனேஜரா இருக்காரு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. வாஷிங் மெஷின் என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அந்த மெஷினில்தானே அவள் பாவாடை சட்டையெல்லாம் துவைத்தேன்.

நேற்று ஈயச் சோதனை முடிவு வந்தது. பத்தொன்பது. ஐந்துக்கு மேல் இருந்தாலே பிள்ளைகளுக்குக் கெடுதலாம். அந்த வீட்டை விட்டு வந்து ஒன்றரை மாதம் ஆன பிறகும் பத்தொன்பது என்றால், அங்கே இருந்தபோது எம்புட்டு இருந்திருக்கும்? உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். வெட்கம் பார்க்கவில்லை. "புகையும் தூசியும்தாம்மா. காய்ஞ்ச தரையைப் பெருக்குனா அம்புட்டும் மேல எழும்பி உள்ள போயிரும்" என்றார்கள். இந்த அளவுக்கு ஊசி தேவைப்படாதாம். இரும்புச்சத்து மருந்து, பால், கீரை, மாதாமாதம் ரத்தச் சோதனை. பிறகு தானாகக் குறைய வேண்டும். படிப்பில், பேச்சில் பாதிப்பு வருமா என்று கேட்டேன். "இப்பச் சொல்ல முடியாது" என்றார்கள். இந்தப் பதிலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், மாமா?

நான் இசையைத் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டேன். "அப்பாவோட பச்சைக் குண்டை வாயில வச்சியாம்மா?"

"ரெண்டுதான். இனிப்பா இல்ல, துப்பிட்டேன்" என்றாள். பிறகு, "அப்பா கிட்டச் சொல்லாதம்மா, கணக்குக் கொறையுதுன்னு தேடுவாரு" என்றாள்.

நீங்களும் இன்றைக்கே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அது என்ன கணக்கு என்றும் எழுதுங்கள். எதற்காக உங்களுக்கு ஒன்றுகூடச் சிக்கக்கூடாது? அந்தக் கொள்ளையின்போது பின்பக்க அறையில் இருந்தேன் என்றுதானே எல்லோரிடமும் சொன்னீர்கள்?

அஸ்வினி


ஹூஸ்டன்
10.05.2024

அஸ்வினி,

என் ரத்தத்தில் முப்பத்தொன்று.

உருக்குகிற சட்டி, அச்சு, ஈயம், பச்சைப்பொடி எல்லாம் நேற்றே வீட்டை விட்டுப் போய்விட்டன. குப்பையில் போடக்கூடாதாம். அதற்கென்று இருக்கிற இடத்தில் ஒப்படைத்தேன். கராஜையும் வீட்டையும் ஈரமாகத் துடைத்து எடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையை அங்கே வெறும் காலோடு உட்காரவைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் பின்பக்க அறையில் இல்லை. மத்தியானம் மூன்று மணி. கல்லாவில் மரியா நின்றாள். நான் இரண்டாவது வரிசையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். கொள்ளையடிக்க வந்தவன் துப்பாக்கியை எடுத்ததுமே தரையில் படுத்துவிட்டேன். மரியா "பாண்டி! பாண்டி!" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை. எட்டடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் சத்தம் கேட்டது. குண்டு அவள் தோளில் பாய்ந்தது. அந்த வலது கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. போலீஸிடமும் பின்பக்கம் இருந்தேன் என்றே சொன்னேன்.

அடுத்த தடவை எழுந்திருக்க வேண்டும் என்று துப்பாக்கி வாங்கினேன். வாங்கியதும், எழுந்து நின்று அது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. அதிலிருந்து குண்டு, எடை, மூக்கு என்று போய்க்கொண்டே இருந்தேன். நல்ல குண்டு கிடைத்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன்.

துப்பாக்கி இன்னும் இருக்கிறது. கடையில் வாங்கிய தோட்டா ஏழு போட்டு வைத்திருக்கிறேன். அது இல்லாமல் கடைக்குள் நுழைய முடியவில்லை. ஒரு நாள் வெறும் கையோடு போய், வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன், அஸ்வினி. இதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தங்கப்பாண்டி


தல்லாகுளம்
12.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. உங்களைத் தண்டிப்பதற்காக இல்லை. இரண்டாவது சோதனை முடிவு வரட்டும், கையில் ஏதாவது வைத்துக்கொண்டு எழுதுவோம் என்று இருந்தேன்.

பதினான்கு. இறங்கியிருக்கிறது. இன்றைக்கு முருங்கைக்கீரைச் சோறு முழுதாகச் சாப்பிட்டாள். பவதாரிணியோடு சண்டை மட்டும் குறையவில்லை. "இது நோவு இல்லடி, ஓம் புள்ளை கொணமே இதுதான்" என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

கடையில் நீங்கள் படுத்திருந்ததை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுந்திருந்தால் எனக்குக் கடிதம் எழுத ஆள் இல்லாமல் போயிருக்கலாம். அந்த வகையில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அதை மரியாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. நீங்களாவது போய் அவளைப் பாருங்கள். படுத்துக்கொண்டதை நான் பயம் என்றுதான் சொல்வேன். யாருக்கும் வரும். ஒரு வருஷமாக அவளைப் பார்க்காமல் இருப்பது வேறு.

ஜூலை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். படிக்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். இருந்தாலும் அந்த வீட்டுக்கு இசையைக் கூட்டி வர மாட்டேன். வீட்டை எம்புட்டுத் துடைத்தாலும் வர மாட்டேன்.

நீங்கள் வாருங்கள். இருபது நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். வரும்போது துப்பாக்கியை எடுத்து வர முடியாது. இருபது நாளும் இங்கே வெறும் கால்சட்டைப் பையோடு நடங்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். இப்போதைக்கு இதற்கு மேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

அஸ்வினி


ஹூஸ்டன்
03.07.2024

என் அஸ்வினிக்கு,

மரியா வீட்டுக்குப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். எழுந்திருக்காமல் படுத்திருந்தேன் என்று சொன்னேன். "தெரியும். ஷெல்ஃபுக்குக் கீழே உன் ஷூ தெரிந்தது" என்றாள். இத்தனை மாதமாக யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. "எனக்குக் கோபம் இருக்கிறது, பாண்டி. வந்துவிட்டாய், உட்கார்" என்று இடது கையால் காபி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போலீஸுக்கும் போய் உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலை துப்பாக்கியை வாங்கிய கடையிலேயே விற்றுவிட்டேன். கடைக் கதவிலிருந்து கார் நாற்பதடி இருக்கும். நடக்கையில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்ததும் கதவுகளைப் பூட்டிக்கொண்டேன். பயம் போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் வண்டியை ஓட்டி வந்தேன். 

ஒன்பதாம் தேதி மத்தியானம் ஒன்றரை மணிக்கு மதுரையில் இறங்குகிறேன். இசையை வெயிலில் கூட்டி வராதே. நீ மட்டும் வா.

உன்
தங்கப்பாண்டி