எங்கள் ஒழுங்கையின் நீலப் புள்ளி

செவ்வாய் இரவு

ஊர் முழுக்க ஒரு நாள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிடும் என்று முப்பது வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். துறைமுகத்தில் வேலை செய்தபோது கப்பல் கப்டன்மாரே என்னிடம்தான் வழி கேட்பார்கள்.

அதனால்தான் கிண்ணியாவிலிருந்து வந்த தங்கச்சி மகள் நஸ்ரின், கம்பஸ் படிப்புக்காகத் தெரு, ஒழுங்கை எல்லாம் வரைபடமாக்க இன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். குழாய்த் தண்ணீர் உள்ள ஒழுங்கைக்குப் படத்தில் நீலப் புள்ளி, இல்லாததற்குச் சிவப்பு. சிவப்புக்குத்தான் முதலில் குழாய் போடுவார்களாம்.

எங்கள் ஒழுங்கை முனையில் கேட்டாள்: "மாமா, இங்க குழாய் இருக்கா?"

"ஓம், உள்ளுக்கு இருக்கு. நான்தான் போடுவிச்சனான்."

"போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"மாமாட கதையில நம்பிக்கை இல்லையா?"

பின்னேரம் படத்தைக் காட்டினாள். சுற்றிவரச் சிவப்பு. நடுவில் எங்கள் ஒழுங்கை மட்டும், குடாவில் தனியே நிற்கும் கப்பலின் விளக்குப்போல் நீலமாய் மினுங்கியது. பள்ளிவாசலில் தண்ணீர் அள்ளி வந்த பக்கத்து வீட்டு பரீதா, வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"காக்கா, அப்ப எங்களுக்கு எப்ப தண்ணி வரும்?" என்று சொந்த அண்ணனிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்டாள்.

நான் கடலைப் பார்த்தேன்.

கண்ணை மூடினாலும் அந்த நீலம் மிதக்கிறது. வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்கிறது. காலையில் நஸ்ரின் படத்தைக் குழாய் போடுகிறவர்களுக்கு அனுப்பிவிடுவாள். சுபஹுத் தொழுகைக்கு முதல் கிண்ணியாவுக்குக் கைத்தொலைபேசியில் அழைத்து அவளை எழுப்ப வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு நாளும் குழாய் இருந்ததில்லை.